மிகித்தார் ஹெராட்சி: காய்ச்சலுக்கென்று ஒரு நூல் எழுதிய ஆர்மீனிய மருத்துவர்

கேள்வி: மிகித்தார் ஹெராட்சி என்ற 12ஆம் நூற்றாண்டு ஆர்மீனிய மருத்துவர், லூயி பாஸ்டருக்கு 700 ஆண்டுகளுக்கு முன்பே கிருமிகளைக் கண்டுபிடித்துவிட்டார் என்று படித்தேன். உண்மையா? அவர் யார், என்ன எழுதினார்?

முதல் பாதிக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: இல்லை. பாக்டீரியா போன்ற கிருமிகளை மனிதக் கண் முதன்முதலாகப் பார்த்தது 1670-களில், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக்கின் ஒற்றை வில்லை நுண்ணோக்கி வழியாக. ஹெராட்சியிடம் அந்தக் கருவி இல்லை. எதையாவது பார்த்ததாக அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆனால் இந்தப் பேச்சு காற்றில் முளைத்ததும் அல்ல. அவருடைய நூலில் ‘பூசணம்’ என்று ஒரு கருத்து வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பிற்காலத்தவர் அவரை பாஸ்டருக்கு முன்னோடியாக்கினார்கள். அதைக் கீழே விளக்குகிறேன். என் ஆதங்கம் வேறு. இந்தக் கிருமிப் பெருமை, அவர் உண்மையில் செய்த பெரிய காரியத்தை மறைத்துவிடுகிறது. தேவாலயத்திலும் ஏடுகளிலும் ஆண்டுகொண்டிருந்த செவ்வியல் ஆர்மீனியத்தை ஒதுக்கிவிட்டு, ஊர் மக்கள் பேசிய மொழியில், காய்ச்சல் என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, காரணம், குறி, போக்கு, சிகிச்சை என்று முறைப்படி ஒரு நூல் எழுதினார். 1184இல் இதைச் செய்வதற்குப் படிப்பு மட்டும் போதாது, துணிச்சலும் வேண்டும்.

ஹெராட்சி என்றால் ஹெர் ஊர்க்காரர் என்று பொருள். ஹெர் என்பது இன்று ஈரானின் வடமேற்கு மூலையில் இருக்கும் கோய் நகரம். ஆர்மீனியரும் பாரசீகரும் துருக்கியரும் கலந்து வாழ்ந்த எல்லைப்புறம் அது. அரபியிலும் பாரசீகத்திலும் இருந்த மருத்துவ நூல்களைப் படித்தறியும் வாய்ப்பு அப்படிப்பட்ட இடத்தில் பிறந்தவருக்கு இயல்பாகவே அமைந்திருக்கும். பிறகு அவர் மேற்கே, இன்றைய துருக்கியின் தென்கரையில் இருக்கும் கிலிக்கியாவுக்குப் போகிறார். ஏன் கிலிக்கியா? தாயகமான ஆர்மீனியாவின் நிலை அப்படி. தலைநகரான ஆனி 1045இல் பைசாந்தியர் கைக்கும் 1064இல் செல்ஜூக்கியத் துருக்கியர் கைக்கும் போனது. 1071இல் மான்சிகெர்ட் போரில் பைசாந்தியப் பேரரசே தோற்றது. அதன்பின் பிரபுக்களும் குருமாரும் கைவினைஞரும் கூட்டம் கூட்டமாகத் தென்மேற்கே இறங்கி, டாரஸ் மலைக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே ஒரு புதிய ஆர்மீனியாவை உருவாக்கினார்கள். ரூபேனியர் என்ற குலத்தார் ஆண்ட அந்தச் சிற்றரசு, 12ஆம் நூற்றாண்டின் முடிவில் முதலாம் லெவோன் முடிசூடியபோது முழு அரசாகவே ஆனது.

இதில் ஹெராட்சியின் வாழ்க்கையோடு நேரடியாகத் தொடர்புடைய இடம் ஹிரோம்க்லா. யூப்ரடீஸ் ஆற்றின் வளைவில் செங்குத்தான பாறைமேல் நிற்கும் கோட்டை அது. இப்போது துருக்கியின் காசியான்டெப் மாகாணத்தில் ரும்காலே என்ற பெயரில் சிதிலமாகக் கிடக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1292இல் எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் கைப்பற்றும் வரை, ஆர்மீனியத் திருச்சபையின் தலைவரான கதோலிகோசின் இருக்கை அங்கேதான் இருந்தது. சுவடி எழுதுவோர், ஓவியர், இறையியலார் எல்லோரும் கூடிய இடம். கதோலிகோஸ் நெர்செஸ் ஷ்னோர்ஹாலி ஆர்மீனிய இலக்கியத்தின் பெரும் கவிஞர்களில் ஒருவர். அவருக்கு ஹெராட்சி நண்பர். வானத்தையும் அதன் அணிகளான கோள்கள், விண்மீன்களையும் பற்றி நெர்செஸ் இயற்றிய ஒரு கவிதை, இந்த மருத்துவர் கேட்டுக்கொண்டதற்காகவே எழுதப்பட்டது. ஒரு மருத்துவர் ஒரு மதத்தலைவரிடம் போய் வானவியலைப் பாட்டாகக் கேட்கிறார், அவரும் எழுதித் தருகிறார். அந்த அவையின் தரத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. நெர்செஸ் 1173இல் இறந்தபின் பொறுப்பேற்றவர் நான்காம் கிரிகோர் த்கா. ஹெராட்சியின் காய்ச்சல் நூல் பிறக்க ஊக்கம் கொடுத்தவர் இவர்தான்.

எத்தனையோ நோய்கள் இருக்கக் காய்ச்சலை ஏன் தேர்ந்தெடுத்தார்? கிலிக்கியாவின் நிலத்தைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். டாரஸிலிருந்து இறங்கும் செய்ஹான், ஜெய்ஹான் என்ற இரண்டு ஆறுகள் கடலை நெருங்கும்போது வேகமிழந்து பரந்து, சமவெளி முழுக்கச் சதுப்பாக்கிவிட்டன. மண் வளமானது, கூடவே கொசுவும் வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் வடிகால் வெட்டி, பூச்சிமருந்து தெளிக்கும் வரை, இன்று அதனா சமவெளி எனப்படும் இந்தப் பகுதி மலேரியாவின் கோட்டையாகவே இருந்தது. கோடைகாலத்தில் மலைமேலே கால்நடைகளோடு ஏறிவிடுவது அங்குள்ள துருக்மேன் நாடோடிகளின் வழக்கம். 1865இல் உஸ்மானிய அரசு படையை அனுப்பி அவர்களைச் சமவெளியிலேயே வலுக்கட்டாயமாகக் குடியமர்த்தியபோது காய்ச்சலில் ஏராளமானோர் மடிந்தார்கள். ஹெராட்சியின் காலத்திலும் நிலைமை இதுதான். 1190இல் மூன்றாம் சிலுவைப்போருக்கு வந்த ஜெர்மானியப் பேரரசர் ஃபிரெடரிக் பார்பரோசா கிலிக்கியாவின் சாலெஃப் ஆற்றில் மூழ்கி இறந்தார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அவருடைய படை அந்தியோக்கியாவை அடைந்ததும் நோயில் விழுந்து கரைந்துபோனதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. காய்ச்சலைப் புரிந்துகொள்வது அந்த நாட்டு மருத்துவருக்கு அன்றாடப் பிழைப்பின் முதல் பாடம்.

‘ஜெர்மான்ஸ் மிகித்தாருத்யுன்’ என்பது நூலின் பெயர். ‘காய்ச்சல்களில் ஆறுதல்’ என்று சொல்லலாம். மருத்துவருக்குக் கல்வியாலும், நோயாளிக்குக் குணத்தாலும் ஆறுதல் தருவதால் இந்தப் பெயர் என்று அவரே விளக்குகிறார். முன்னுரை சிறியதுதான், ஆனால் நூலிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மருத்துவர்களில் கடையேன் என்று வழக்கமான பணிவோடு தொடங்குகிறார். சிறுவயதிலிருந்தே மருத்துவக் கலையில் ஆசை கொண்டதையும், அரபியர், பாரசீகர், கிரேக்கர் ஆகியோரின் அறிவைக் கற்றதையும் சொல்கிறார். அதன்பிறகு வருவது கசப்பான ஒரு கணக்கு. அந்த மக்களின் நூல்களில் நோயின் போக்கை முன்கூட்டி அறியும் கலை முழுமையாக இருக்கிறது, அதுவே மருத்துவத்தின் முழு அறிவு. நம் ஆர்மீனியரிடமோ அது இல்லை, இன்ன நோய்க்கு இன்ன மருந்து என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கின்றன என்கிறார்.

இந்தக் குறை எவ்வளவு கூர்மையானது என்று நினைத்துப் பாருங்கள். மருந்துப் பட்டியல் எல்லாச் சமூகத்திலும் இருக்கும். இந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது, நாளை என்ன செய்யும், எந்த நாளில் திரும்பும், இவர் பிழைப்பாரா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லும் முறைதான் மருத்துவத்தைக் கைவைத்தியத்திலிருந்து பிரிக்கிறது. அந்த முறையைத் தம் மக்களுக்குக் கொண்டுவருவதை அவர் வேலையாக எடுத்துக்கொண்டார். அதனால்தான் எல்லோரும் படித்து அறியும்படி எளிய, கட்டற்ற பேச்சில் எழுதினேன் என்கிறார். இன்று மத்தியகால ஆர்மீனியம் என்று மொழியியலார் சொல்லும் கிலிக்கியப் பேச்சுமொழி அது. அரபி, பாரசீகச் சொற்கள் அதில் தாராளமாகக் கலந்திருக்கும். மருந்துக்கடைக்காரரும் நோயாளியும் எந்தப் பெயரைச் சொல்வார்களோ அந்தப் பெயரையே எழுதினால்தானே மருந்து கைக்கு வரும்!

காய்ச்சல்களை அவர் மூன்றாகப் பிரிக்கிறார்: ஒருநாள் காய்ச்சல், பூசணக் காய்ச்சல், உடலைத் தேய்க்கும் காய்ச்சல். இந்தப் பிரிவு அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. ரோமப் பேரரசின் கிரேக்க மருத்துவரான காலன் வகுத்து, அரபு மருத்துவர்கள் செம்மைப்படுத்திய பிரிவு அது. உடலில் மூன்று இருப்புகள் உண்டு: உயிர்மூச்சு, நீர்மங்கள், திடமான உறுப்புகள். சூடு எதைப் பற்றுகிறதோ அதற்கேற்பக் காய்ச்சல் அமையும். உயிர்மூச்சைப் பற்றினால் ஒருநாளில் தணியும். நீர்மங்களைப் பற்றினால் பூசணக் காய்ச்சல். உறுப்புகளையே பற்றினால் ஆளை உருக்கிவிடும். நம் வாத பித்த கபத்தை மனதில் வைத்துப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவர்களுடைய கணக்கில் நீர்மங்கள் நான்கு. ரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம்.

ஒருநாள் காய்ச்சல் பகுதியைப் படிக்கும்போது மருத்துவ நூல் படிப்பதே மறந்துவிடும். வெயிலில் அலைந்தால், குளிரில் நின்றால், தூக்கம் கெட்டால், பட்டினி கிடந்தால், அளவுக்கு மீறி உழைத்தால், கோபப்பட்டால், துக்கப்பட்டால் என்று ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு காய்ச்சல், அதற்கேற்ற சிகிச்சை. மனம் உடலைச் சுடும் என்பது காலனிடமே இருக்கிறதுதான். ஆனால் கவலையால் காய்ச்சல் வந்தவருக்கு ஹெராட்சி எழுதும் மருந்தைப் பாருங்கள். அவரை விளையாட்டிலும் வேடிக்கைப் பேச்சிலும் ஈடுபடுத்த வேண்டும். குசான்களின் பாட்டையும் நரம்புக் கருவிகளின் இனிய இசையையும் இயன்ற அளவு கேட்கச் செய்ய வேண்டும். குசான்கள் என்போர் ஊர் ஊராகப் போய்ப் பாடிய தொழில்முறைப் பாணர்கள். ஆர்மீனியத் திருச்சபைக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. பாவத்துக்கு அழைக்கும் கூட்டம் என்று மதகுருமார் தொடர்ந்து திட்டி வந்திருக்கிறார்கள். கதோலிகோசின் ஆதரவில் எழுதப்பட்ட நூலில், அதே குசான்களைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லுங்கள் என்று மருத்துவர் சீட்டு எழுதுகிறார். நோயாளி பிழைப்பதுதான் அவருக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது.

இனி பூசணம். நீர்மங்கள் உடலுக்குள் கெட்டுப்போவதால் காய்ச்சல் வருகிறது என்பது காலனின் கொள்கை. அரபு நூல்களில் இது அழுகல் என்று வரும். ஹெராட்சி அந்த இடத்தில் ரொட்டியிலும் பழத்திலும் படரும் பூசணத்தின் பெயரைப் போடுகிறார். அழுகல் என்பது ஒரு நிலை. பூசணம் என்பதோ வளர்கிற, பரவுகிற ஒரு பொருள். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு சோவியத் கால ஆர்மீனிய மருத்துவ வரலாற்றாசிரியர்கள் பலர், நோய்க்கு உயிருள்ள ஒரு காரணம் உண்டு என்று அவர் ஊகித்தார், இது கிருமிக் கொள்கையின் விதை என்று எழுதினார்கள். பெரியம்மை போன்ற தொற்றுநோய்களும் இந்த வகையிலேயே வருவதால் அந்த வாசிப்புக்குக் கொஞ்சம் வலுவும் கிடைத்தது.

நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். நூலின் கட்டமைப்பு முழுக்க நீர்மக் கொள்கைதான். கோழை கெட்டால் தினமும் வரும் காய்ச்சல், மஞ்சள் பித்தம் கெட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள், கரும்பித்தம் கெட்டால் இரண்டு நாள் விட்டு ஒருநாள் என்ற பழைய கணக்கு அப்படியே நிற்கிறது. வெளியிலிருந்து ஓர் உயிர் உடலுக்குள் நுழைந்து பெருகுகிறது என்று எங்கே சொன்னார்? தொற்றைப் பரப்பும் விதைகள் என்ற கருத்தைத் தெளிவாக எழுதியவர் இத்தாலியர் ஃப்ராகாஸ்டோரோ, 1546இல். அவரையே முழுமையான முன்னோடி என்று சொல்ல வரலாற்றாசிரியர்கள் தயங்குகிறார்கள். ஹெராட்சி ஒரு நல்ல உவமையைத் தேர்ந்தெடுத்தார். கேட்பவர் மனதில் உடனே படம் விரியும்படி எழுதினார். அதுவரை ஒப்புக்கொள்ளலாம்.

சொல்லப்போனால், பாராட்ட வேண்டியது அந்தப் பழைய நாள் கணக்கைத்தான். காரணத்தில் தவறு, கவனிப்பில் தவறே இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காய்ச்சல் பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்ற மலேரியா ஒட்டுண்ணியின் 48 மணிநேரச் சுழற்சி. இரண்டு நாள் விட்டு வருவது பிளாஸ்மோடியம் மலேரியேயின் 72 மணிநேரச் சுழற்சி. குளிர் நடுக்கம் எப்போது தொடங்குகிறது, வியர்வை எப்போது வருகிறது, நாடி எப்படித் துடிக்கிறது, சிறுநீரின் நிறம் என்ன என்று படுக்கையருகே உட்கார்ந்து குறித்துவைத்த மருத்துவர், ஒட்டுண்ணியைப் பார்க்காமலே அதன் கால அட்டவணையை வைத்து அடுத்த வரவை முன்கூட்டிச் சொன்னார். ஒட்டுண்ணியை லாவெரான் 1880இல் கண்டார். கொசுவின் பங்கை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டார். அதுவரை காய்ச்சலின் அடுத்த வரவை முன்கூட்டிச் சொல்ல உலகில் எந்த மருத்துவரிடமும் இந்த அட்டவணையைவிட மேலான கருவி இல்லை. போக்கை முன்னறியும் கலை நம்மிடம் இல்லை என்று முன்னுரையில் குறைபட்டாரே, அதை அவர் கொண்டுவந்து சேர்த்தது இங்கேதான்.

மூன்றாவது வகை, உடலைத் தேய்க்கும் காய்ச்சல். இன்று படிப்பவருக்கு அதன் விவரணைகளில் பெரும்பாலும் காசநோய் தெரியும். மெல்லிய சூடு, உணவுக்குப் பின் கூடுவது, சதை வற்றுவது. தொடக்கத்தில் கண்டுபிடிப்பது கடினம், குணப்படுத்துவது எளிது. முற்றியபின் கண்டுபிடிப்பது எளிது, குணப்படுத்துவது கடினம் என்பது அந்த மருத்துவ மரபின் பழைய பாடம்.

சிகிச்சையைப் பொறுத்தவரை மூலிகை, உணவு, நீர் மூன்றும்தான் தூண்கள். வாற்கோதுமைக் கஞ்சிநீர் பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டஸ் காலத்திலிருந்தே காய்ச்சல்காரரின் ஆகாரம், இங்கும் அதுவே. குளிர்ந்த நீரைக் குடிக்கவும் உடலில் ஊற்றவும் சொல்கிறார். ரோஜா, வயலட் பூக்கள், மாதுளை என்று குளிர்ச்சி தரும் பொருட்கள். அரபு மருத்துவத்தின் காய்ச்சல் மருந்துகளில் சந்தனமும் கடுக்காயும் புளியும் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவை என்பதையும் சொல்லிவிடலாம். மலேரியாவை உண்மையிலேயே அடக்கும் சின்கோனா பட்டை 17ஆம் நூற்றாண்டில்தான் தென் அமெரிக்காவிலிருந்து பழைய உலகுக்கு வந்தது. எனவே இந்த மருந்துகள் நோயை வேரறுத்திருக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். ஆனால் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது, செரிக்கும் உணவைக் கொடுப்பது, சூட்டைத் தணிப்பது, மனதைத் தேற்றுவது எல்லாம் இன்றும் எந்த மருத்துவமனையிலும் செய்கிற காரியங்கள்.

நூலின் பிற்கால வாழ்க்கை கொஞ்சம் விசித்திரமானது. கிலிக்கிய அரசு 1375இல் சிஸ் நகரத்தோடு விழுந்தது. ஆனால் சுவடிகள் கை மாறிக்கொண்டே இருந்தன. ஹெராட்சிக்கு 3 நூற்றாண்டுகள் கழித்து, அமாசியாவில் பிறந்த அமிர்தொவ்லாத் என்ற ஆர்மீனியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மெத்துக்கே மருத்துவராகிறார். இடையில் சுல்தானின் தயவை இழந்து பால்கன் பகுதியில் அலைந்தபோது, இன்றைய பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரில் ஒரு பெரிய மருத்துவ நூலை எழுதினார். பிறகு 1478க்கும் 1482க்கும் இடையில் ‘அறியாதவர்க்குப் பயன்படாதது’ என்று வேண்டுமென்றே சீண்டும் பெயரில் ஒரு மருந்துப்பொருள் அகராதி. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். அவற்றுக்கு ஆர்மீனியம், கிரேக்கம், லத்தீன், அரபி, பாரசீகம், துருக்கி மொழிப் பெயர்கள். தமக்கு முந்திய ஆர்மீனிய மருத்துவர்களை வரிசைப்படுத்தும்போது அவர் ‘பெரிய மிகித்தார்’ என்று ஹெராட்சியைத் தலையில் வைக்கிறார். கூடவே வரும் ஆஹரோன், ஸ்தெபானோஸ், சிமாவோன், வஹ்ராம் போன்ற பெயர்களையும் பார்த்தால், ஹெராட்சி தனிமரமாக நிற்கவில்லை, பின்னால் ஒரு பரம்பரையே இருந்தது என்று தெரிகிறது. பேச்சுமொழியில் எழுதும் வழக்கத்தை அமிர்தொவ்லாத்தும் தொடர்ந்தார்.

அச்சில் முதலில் வந்தது 1832இல், வெனிஸ் நகரக் காயலில் உள்ள சான் லாசரோ தீவில். பாரீஸ் நூலகத்துச் சுவடியை வைத்து மெகிதாரியச் சபை என்ற ஆர்மீனியத் துறவியர் சபையினர் பதிப்பித்தார்கள். இங்கே பலரும் குழம்புவார்கள், எனவே ஒரு எச்சரிக்கை: இந்தச் சபையின் பெயர் நம் மருத்துவரிடமிருந்து வந்ததல்ல. 1717இல் அத்தீவில் குடியேறிய செபாஸ்தியா ஊர் மெகிதார் என்ற துறவியின் பெயர் அது. இன்னொரு மிகித்தாரும் உண்டு. ஆர்மீனியச் சட்டநூலை எழுதிய மிகித்தார் கோஷ். அவர் அந்த வேலையைத் தொடங்கியதும் அதே 1184இல்தான். இணையத்தில் இந்த மூவரின் படங்களும் ஆண்டுகளும் தாறுமாறாகக் கலந்து கிடக்கின்றன. அதே சான் லாசரோ துறவிகள் 1830-களில் இத்தாலியில் நடத்தத் தொடங்கிய இரண்டு பள்ளிகளுக்குப் பணம் போனது நம் சென்னையிலிருந்து. அங்கே வணிகம் செய்து செல்வரான சாமுவேல் மூரத், எட்வர்ட் ராஃபேல் என்ற ஆர்மீனியர்கள் விட்டுச்சென்ற சொத்து அது.

ஐரோப்பிய மருத்துவ வரலாற்றாளர்கள் ஹெராட்சியை ஊன்றிப் படிக்கத் தொடங்கியது 1908இல் எர்ன்ஸ்ட் சைடல் லைப்சிக்கில் வெளியிட்ட ஜெர்மன் மொழிபெயர்ப்புக்குப் பிறகு. எந்தக் கருத்து காலனிடமிருந்து வந்தது, எது அரபியிலிருந்து என்று அவர் நிறையக் குறிப்புகளோடு பிரித்துக் காட்டினார். சோவியத் காலத்தில் யெரெவானில் ரஷ்ய மொழிபெயர்ப்பும் வந்தது. கிருமிக் கதை உலகெங்கும் பரவியது அந்தக் காலத்து எழுத்துகள் வழியாகத்தான். 1989இல் யெரெவான் அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். ஹெராட்சியை நேராகவே படிக்க விரும்பினால் முன்னுரையையும் ஒருநாள் காய்ச்சல் பகுதியையும் முதலில் படியுங்கள். பூசணக் காய்ச்சலுக்குப் போகும்போது நான்கு நீர்மங்களின் அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் படித்தால், அந்த வரிகளில் நாம் பார்க்க விரும்பும் கிருமிதான் தெரியும்.